நசுங்கிய சொம்பு

எங்கள் மொரீஷியஸுக்குப் பக்கத்துத் தீவான ரீயூனியனில் இருக்கும் என் சித்தி மகன் 2024 செப்டம்பரில் வாட்ஸாப்பில் ஒரு படம் அனுப்பினான். கூடவே ஒரு வரி: "அண்ணே, இலவசமாத்தானே குடுத்தீங்க, இப்ப ஏன் நாலு யூரோ?" அவன் எழுதியது பிரெஞ்சிலிருந்து கிளைத்த தீவுப் பேச்சான கிரியோலில்தான். எங்கள் இரண்டு தீவு கிரியோலும் ஒன்றல்ல, ஆனாலும் காசு விஷயம் எந்த கிரியோலிலும் புரிந்துவிடும்.

படத்தில் இருந்தது நான் வரைந்த சொம்புப் பிடி. பின்னால் என் சமையலறைச் சுவர் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ ஒரு வெளிநாட்டுத் தோட்டத்தை ஒட்டியிருந்தார்கள். பெயரும் மாறிவிட்டது. இப்போது அது "மயில் அலங்காரப் பூந்தொட்டித் தாங்கி".

முதலில் சொம்புப் பிடி என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். இங்கே மொரீஷியஸில் தைப்பூசம் அரசு விடுமுறை. காவடியின் இரண்டு பக்கமும் பித்தளைச் சொம்பில் பால் கட்டித் தொங்கவிடுவோம். கோயில் போய்ச் சேரும்வரை பால் சிந்தக் கூடாது, திரியக் கூடாது. திரிவதும் திரியாததும் முருகன் பாடு. சிந்தாமல் பார்த்துக்கொள்வது நம் பாடு. எங்கள் வீட்டில் அந்த வேலை எப்போதும் பெரிய மாமாவுடையது. மாமா இளவயதில் க்யூர்பிப்பில் ஒரு கப்பல் பொம்மைப் பட்டறையில் பாய்மரத்துக்குக் கயிறு கட்டியவர். 1744-இல் எங்கள் கரையோரம் உடைந்த சேன் ஜெரான் கப்பலைத் தன் கையால் எத்தனை முறை கட்டினார் என்று அவருக்கே கணக்கில்லை. அந்தக் கண்ணியைத்தான் சொம்புக் கழுத்திலும் போடுவார். கற்றாழை நார்க் கயிறு, மூன்று சுற்று, ஒரு இழுப்பு. மலையேறும்போது காவடி எவ்வளவு ஆடினாலும் சொம்பு தன் போக்கில் நேராக நிற்கும்.

மாமாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. எனக்கு அந்தக் கண்ணி வரவில்லை. நான் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவன், இரவில் முப்பரிமாண ப்ரிண்டரோடு மல்லுக்கட்டுகிறவன். கயிற்றில் வராததை ப்ளாஸ்டிக்கில் செய்து பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். சொம்பின் கழுத்தைப் பிடிக்க ஒரு வளையம், அலங்காரத்துக்கு ஒரு மயில், அதுதான் சொம்புப் பிடி.

அளவு எடுத்தது பாட்டியின் சொம்பில். அதன் கழுத்தில் ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். எப்போது விழுந்தது என்று யாருக்கும் தெரியாது. நான் பிறக்கும் முன்பே அப்படித்தான். கழுத்தின் விட்டம் 68 மில்லிமீட்டர், நசுங்கிய இடத்தில் 19 மில்லிமீட்டருக்கு ஒரு தட்டை. சொம்பு எப்படியோ வளையமும் அப்படியே இருக்கட்டும் என்று, உள்பக்கம் அதே தட்டையோடு வரைந்தேன். பிறகு பார்த்தால், நசுங்காத சொம்புகளையும் அந்தத் தட்டை சுழலவிடாமல் பிடித்துக்கொண்டது. வளையத்தில் ஒரு வெட்டு இருப்பதால் கொஞ்சம் விரிந்து கொடுக்கும். சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

முதல் பிடி பிஎல்ஏ என்ற ப்ளாஸ்டிக்கில் செய்தது. பிஎல்ஏ 60 டிகிரி பக்கத்திலேயே இளகும். ஜனவரி வெயிலில் காருக்குள் வைத்துவிட்டுக் கடைக்குப் போய்த் திரும்பினால் பிடி கிழவன் மீசைபோலத் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டாவதில், ப்ரிண்டர் ஒன்றன்மேல் ஒன்றாகப் போடும் ப்ளாஸ்டிக் அடுக்குகள் தவறான திசையில். தண்ணீர் நிரப்பியதுமே அடுக்கோடு பிளந்தது. பிஇடிஜி என்ற இன்னொரு ப்ளாஸ்டிக்குக்கு மாறினேன். 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயல் வந்தபோது ஏழாவது பிடி பாதி வளர்ந்திருந்தது. மின்சாரம் போனது, மயிலுக்கு இடுப்புக்கு மேல் இல்லை. பத்து நாள் கழித்து, 25-ஆம் தேதி, தைப்பூசத்தன்று பதினோராவது பிடி மலையேறியது. பால் சிந்தவில்லை. மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "ம்" என்றார். அவரிடமிருந்து வந்த மிக நீளமான பாராட்டு அது.

தோற்றுப்போன பத்தையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். எறிய மனசு வராத கஞ்சத்தனம், வேறு நோக்கம் ஒன்றும் இல்லை.

பிப்ரவரியில் பிடியின் ஃபைலை, யாரும் இறக்கி அச்சிட்டுக்கொள்ளட்டும் என்று ஒரு மாடல் பகிரும் தளத்தில் போட்டேன். உரிமம் க்ரியேட்டிவ் காமன்ஸ்: பெயர் சொல்ல வேண்டும், விற்கக் கூடாது, மாற்றினால் அதே உரிமத்தில் விட வேண்டும். நம் ஊர்க்காரர்கள் நாற்பது ஐம்பது பேர் எடுத்துப் பயன்படுத்தினால் போதும் என்பதுதான் கணக்கு.

திருடியவர் போட்டிருந்தது வேறொரு தளத்தில். அவர் பெயருக்குப் பக்கத்தில் நீல நிறத்தில் ஒரு சரி அடையாளம். "சரிபார்க்கப்பட்ட வடிவமைப்பாளர்" என்று அர்த்தமாம். எதைச் சரிபார்த்தார்கள் என்று விதிமுறைகளைத் தேடிப் படித்தேன். ஒரு மின்னஞ்சல், ஒரு போன் எண், பணம் போய்ச் சேர ஒரு கணக்கு. அவ்வளவுதான். காசு சரியான பைக்குள் விழும் என்பதற்குத்தான் அந்த நீல அடையாளம் சாட்சி. மயிலை யார் வரைந்தது என்பதற்கு அது சாட்சி சொல்லவே இல்லை, நாம்தான் அப்படிப் படித்துக்கொள்கிறோம்.

அவர் பக்கத்தில் இருநூற்றுச் சொச்சம் மாடல்கள். அதில் எத்தனை பேர் சமையலறை இருக்கிறதோ.

இது புதுக் கதையும் இல்லை. 2008-இல் தொடங்கிய திங்கிவர்ஸ்தான் இந்த மாதிரித் தளங்களில் பழையது. 2016 பிப்ரவரியில் லூபி என்ற பெயரில் இயங்கும் வடிவமைப்பாளர், தன் டிராகனையும் மற்றப் பலருடைய வடிவங்களையும் யாரோ ஈபேயில் அச்சிட்டு விற்பதைக் கண்டுபிடித்தார். படங்கள்கூட அவரவர் எடுத்த படங்களே. விற்றவர்களிடம் கேட்டால், இணையத்தில் போட்டாலே அது பொதுச் சொத்துதானே என்று சட்டம் பேசினார்கள். லூபி கோபத்தில் "சோக முகம்" என்றே ஒரு மாடல் செய்து ஏற்றினார். அது பரவிய பிறகுதான் அந்த விற்பனைப் பக்கங்கள் இறங்கின. அவருக்கு ரசிகர் கூட்டம் இருந்தது. எனக்கு இருப்பது ஆறாம் வகுப்பு.

ஃபைலைத் திறந்து பார்த்தால் யார் செய்தது என்று தெரியாதா என்று சித்தி மகன் கேட்டான். தெரியாது. பெரும்பாலும் நாம் பரிமாறிக்கொள்ளும் எஸ்டிஎல் ஃபைல் 1980-களின் பிற்பகுதியில் பிறந்தது. வடிவத்தின் மேற்பரப்பைச் சின்னச் சின்ன முக்கோணங்களாக எழுதி வைப்பதுதான் அதன் வேலை. தலையில் 80 பைட், பிறகு முக்கோணங்களின் எண்ணிக்கைக்கு 4 பைட், பிறகு ஒவ்வொரு முக்கோணத்துக்கும் 50 பைட். அந்த 80 பைட்டில் பெயரை எழுதி வைக்கலாம், ஆனால் வேறொரு மென்பொருளில் திறந்து சேமித்தால் அது தன் பெயரை எழுதிவிட்டுப் போய்விடும். மில்லிமீட்டரா அங்குலமா என்றுகூட எஸ்டிஎல்லுக்குத் தெரியாது, என் பெயர் எப்படித் தெரியும்? 2015-இல் வந்த த்ரீஎம்எஃப் என்ற ஃபைல் வகையில் வடிவமைப்பாளர் பெயர், உரிமம் எல்லாம் எழுத இடம் இருக்கிறது. ஆனால் அது உண்மையில் ஒரு ஜிப் ஃபைல். பிரித்து, பெயரை மாற்றி, மறுபடி கட்ட அஞ்சு நிமிஷம் ஆகாது. ஒரே ஃபைல்தானா என்று ஹாஷ், அதாவது ஃபைலின் கைரேகை மாதிரி ஒரு எண், எடுத்து ஒப்பிடலாம் என்பார்கள். ஒரு முனையை ஒரு இம்மி நகர்த்தினாலும் ஹாஷ் மொத்தமாக மாறிவிடும். நம் திருடர் 5 சதவீதம் பெரிதாக்கியிருந்தார்.

கோப்பு நீக்கக் கோரும் படிவத்தை நிரப்பினேன். அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டு டிஎம்சிஏ என்ற பதிப்புரிமைச் சட்டப்படி அமைந்த படிவம். உன் பெயர், முகவரி, கையெழுத்து, நல்லெண்ணத்தோடு சொல்கிறேன் என்ற உறுதிமொழி. திருடு கொடுத்தவன் தன் வீட்டு முகவரியை எழுத வேண்டும். எழுதினேன். இரண்டு நாளில் பதில் வந்தது, எந்திரம் எழுதிய மாதிரி: எங்கள் தளத்தில் இதைவிட முந்தைய தேதியிட்ட உங்கள் பதிவின் இணைப்பைத் தரவும். நான் அவர்கள் தளத்தில் எதையும் போட்டதே இல்லை. இன்னொரு தளத்தில் பிப்ரவரியில் போட்ட இணைப்பைக் கொடுத்தேன். வெளித் தளத் தேதிகளை எங்களால் உறுதிசெய்ய இயலாது என்றார்கள். அதாவது, அடுத்தவன் வயலில் அறுத்தாலும் எங்கள் களத்துக்கு முதலில் கொண்டு வந்தவனுக்குத்தான் நெல்.

அன்று இரவு அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தோட்டத்தை நன்றாகவே ஒட்டியிருந்தார், இலை நிழல்கூடப் பொருத்தமாக. ஆனால் சொம்பை விட்டுவிட்டார். பாட்டி புளி போட்டுத் தேய்த்த சொம்பு, வயிறு கண்ணாடி மாதிரி. அதில் என் சமையலறை ஜன்னல், அதன் மூன்று கம்பிகள், நடுவில் வளைந்து நெளிந்து ஒரு மனிதன்: நீல அரைக்கால் சட்டை, முகத்துக்கு முன்னால் கைபேசி. நான்தான். திருடனுடைய கடை வாசலிலேயே நான் நின்றுகொண்டிருந்தேன், ஏழு மாதமாக. அய்யோ என்று வாய்விட்டுச் சொன்னேன். (இந்த அய்யோ கிரியோலுக்கே நாம் கொடுத்த சொல். இங்கே சீனக் கடைக்காரரும் அதைத்தான் சொல்வார்.)

மாடலை விட்டுவிட்டுப் புகைப்படத்தைப் பற்றிப் புகார் கொடுத்தேன். அசல் படம், கைபேசியிலிருந்து வந்தபடியே, ஜன்னலின் இன்னொரு படத்தோடு. மூன்றாம் நாள் பக்கம் இறங்கியது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. புகைப்படத்துக்குப் பதிப்புரிமை உண்டு என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. எங்கள் நாடு 1989-இலேயே பதிப்புரிமைக்கான பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்தது, 2014-இல் புதிய பதிப்புரிமைச் சட்டம் வந்தது, எங்கும் பதிவு செய்யாமலே உரிமை வந்துவிடும். ஆனால் ஒரு பிடி, ஒரு கொக்கி, ஒரு வளையம் என்று பயன்பாட்டுப் பொருளாகிவிட்டால் அதே உரிமை பல நாடுகளில் தள்ளாட ஆரம்பிக்கிறது. மயிலின் அழகுக்கு உரிமை கேட்கலாம், வளையம் சொம்பைப் பிடிக்கும் விதத்துக்குக் கேட்டால் வக்கீல் தலையைச் சொறிவார். நான் பதினொரு முறை உழைத்தது வளையத்துக்கு. மயில் ஒரு சாயங்கால வேலை.

மயில் என்றதும் இதையும் சொல்லிவிட வேண்டும். சாட்சிகளைத் திரட்டுவதற்காகப் பழைய ஃபைல்களைக் கிண்டியபோது, தோகையில் இருக்கும் கண்களின் கோட்டோவியம் நான் வரைந்ததில்லை என்று தெரிந்தது. எங்கிருந்தோ இறக்கிய ஓவியம். பெயர் சொன்னால் போதும் என்ற உரிமம். நான் பெயர் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் நம்புவீர்கள், நானும் நம்பினேன். ஆனால் நீல அடையாளக்காரரும் யாரிடமாவது அப்படித்தான் சொல்வார். இரவு ஒரு மணிக்கு உட்கார்ந்து என் பக்கத்தில் அந்த ஓவியரின் பெயரைச் சேர்த்தேன், அவருக்கு ஒரு மன்னிப்புக் கடிதமும் எழுதினேன். அவர் ஒரு சிரிப்பு முகத்தை மட்டும் பதிலாக அனுப்பினார்.

பக்கம் இறங்கி நாலு நாளில் திரும்ப ஏறியது. இம்முறை கெட்டிக்காரத்தனமாக. பிடியை இரண்டு துண்டாக வெட்டி, முக்கோண வலையைப் புதிதாக மாற்றிப் போட்டு, படத்துக்கு ஏஐ வரைந்த ஒரு மயில். என் ஜன்னல் போய்விட்டது.

இப்போது கையில் மீதி இருந்தது பாட்டியின் சொம்பு மட்டும். நாலு யூரோ கொடுத்து நானே வாங்கினேன் (என் பிடியை நானே காசு கொடுத்து வாங்கிய ரசீது பத்திரமாக இருக்கிறது). க்ளவுட்கம்பேர் என்ற இலவச மென்பொருளில் இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்தேன். அவர் கூட்டிய 5 சதவீதத்தைக் குறைத்ததும் மயில் மயிலுக்குள் போய் உட்கார்ந்தது. வளையம் 68-க்கு 71.4. தட்டை 19-க்கு 19.95. உலகத்தில் எந்தப் பூந்தொட்டிக்கு எங்கள் பாட்டி சொம்பின் நசுங்கல் வேண்டும்? அவர் பக்கத்திலேயே ஒரு வாடிக்கையாளர் அதைக் கேட்டிருந்தார்: உள்ளே ஒரு பக்கம் ஏன் தட்டையாக இருக்கிறது? பதில்: சுவரோடு ஒட்டி நிற்பதற்காக. உள்பக்கத் தட்டை சுவரோடு எப்படி ஐயா ஒட்டும்?

இதையெல்லாம் அனுப்பினேன். இறங்கியது. உடனே அவர் எதிர் அறிவிப்புக் கொடுத்தார், இது என் சொந்தப் படைப்பு என்று. அந்தச் சட்டத்தில் அதற்கும் வழி இருக்கிறது. எதிர் அறிவிப்பு வந்தால், புகார் கொடுத்தவன் வழக்குத் தொடுக்காவிட்டால், 10 முதல் 14 வேலை நாளில் பக்கத்தைத் திரும்ப ஏற்றிவிடலாம். பொய்ப் புகாரிலிருந்து நல்லவர்களைக் காப்பாற்ற வைத்த வழி, தேவையானதும்கூட. திருடனே அசல்காரன்மீது புகார் கொடுத்து இறக்க வைத்த கதைகளை நானும் கேட்டிருக்கிறேன். எதிர் அறிவிப்பில் அவர் எழுதியிருந்த முகவரி எனக்கு வந்தது. வரைபடத்தில் தேடினேன். அந்த ஊர் இருக்கிறது, அந்தத் தெரு இல்லை. நீல அடையாளம் மட்டும் இருக்கிறது.

நாலு யூரோவுக்காக அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போகிற அளவுக்கு நான் ஆசிரியர் சம்பளம் வாங்கவில்லை. பக்கம் திரும்ப வந்தது.

பெரிய மாமாவிடம் போய்ப் புலம்பினேன். கேட்டுக்கொண்டே வந்தவர் பட்டறைக் கதை ஒன்று சொன்னார். க்யூர்பிப்பில் ஒரு பட்டறைக் கப்பலைப் பார்த்து இன்னொரு பட்டறை செய்வது சகஜம். கப்பல் வரைபடமோ எங்கோ ஐரோப்பிய அருங்காட்சியகத்துடையது, அதற்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. ஆனால் ஒருமுறை ஒரு பையன் மாமா கட்டிய கப்பலையே கொண்டுபோய், நான் கட்டியது, வேலை கொடுங்கள் என்று வேறொரு பட்டறையில் நின்றானாம். அந்த முதலாளி அவனிடம் அடையாள அட்டை கேட்கவில்லை. நடுப் பாய்மரத்தின் கயிற்றை அவிழ்த்துவிட்டு, "கட்டு" என்றாராம்.

"கட்டினானா?"

"காப்பி குடிச்சிட்டு வர்றேன்னு போனான்," என்றார் மாமா.

வீட்டுக்கு வந்து பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். தொங்கிய மீசை, பிளந்த இரண்டாவது, பெலால் தின்ற பாதி மயில், பத்தையும் மேஜையில் வரிசையாக வைத்துப் படம் எடுத்தேன். வரைகலை மென்பொருளில் என் மூல ஃபைலைத் திறந்து, முதல் கோட்டிலிருந்து கடைசி வரைக்கும் அது வளர்ந்த விதத்தைக் காணொளியாகப் பதிவு செய்தேன். கடைசியில் பாட்டியின் சொம்பு, நசுங்கிய பக்கம் கேமராவைப் பார்க்க. தளத்துக்கு எழுதினேன்: அவரிடம் மூல ஃபைலைக் கேளுங்கள். அவர் தோற்ற பிடிகளைக் கேளுங்கள். அந்தத் தட்டை ஏன் என்று கேளுங்கள். அவர் பதில் சரியாக இருந்தால் நான் புகாரைத் திரும்பப் பெறுகிறேன்.

மூன்று வாரம் சத்தமில்லை. பிறகு முதல்முறையாக ஒரு மனிதர், பிழையோடு எழுதிய ஆங்கிலத்தில், விற்பவரிடம் கேட்டோம், பதில் இல்லை, பக்கத்தை நீக்கிவிட்டோம் என்று எழுதினார். அந்த எழுத்துப் பிழையைப் பார்த்ததும் எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. மற்ற இருநூற்றுச் சொச்சம் மாடல்கள் அப்படியேதான் இருக்கின்றன, நீல அடையாளமும்தான். என் பிடி இன்னும் இரண்டு தளங்களில் வேறு பெயர்களில் விற்பனைக்கு இருக்கிறது. ஒன்றில் அது துண்டு மாட்டும் கொக்கி.

இப்போது எதைப் போட்டாலும் அன்றே அந்தப் பக்கத்தை இணைய ஆவணக் காப்பகத்தில் சேமித்துவிடுகிறேன், அங்கே பதியும் தேதியை நானே மாற்ற முடியாது என்பதால். மூல ஃபைலை வெளியே விடுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வேண்டுமென்றே ஒரு கோணலை வைக்கிறேன். பிஸ்கட் டப்பா இரண்டாகிவிட்டது, மனைவி கேட்டால் சாட்சிப் பொருள் என்கிறேன்.

2025 பிப்ரவரி 11, தைப்பூசம். கோர் தெ கார்த் மலையடிவாரத்தில் காவடிகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். பக்கத்துக் காவடிக்காரப் பையனின் சொம்பில் என் மயில். ஆனால் சொம்பு வளையத்துக்குள் லொடலொடவென்று ஆடியது, இடைவெளியில் காகிதத்தை மடித்துச் செருகியிருந்தான். பார்த்ததுமே புரிந்தது. 71.4.

"எங்கே எடுத்தீங்க தம்பி?"

"நெட்டில வாங்கினது, மெஸ்யே. நாலு யூரோ. சரியில்லை."

என்னத்தைச் சொல்வது அவனிடம்? என்னிடம் கூடுதல் பிடி ஒன்றும் இல்லை. மேளம் தொடங்கிவிட்டது. மாமா நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார், பிடியைக் கழற்றி என் கையில் கொடுத்தார், வேட்டி மடியிலிருந்து கற்றாழை நார்க் கயிற்றை எடுத்தார். கை நடுங்கியது. மூன்று சுற்று சுற்றிவிட்டு, கயிற்று முனையை என் பக்கம் நீட்டினார்.

"நீ இழு."